பூ நகரத்துக்குப் போய்வரும் வண்டி

ஏப்ரல் 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்று மதியம் சாப்பாட்டு இடைவேளையில் பார்க்கிங்குக்கு ஓடி வந்து, உன் பஸ் கதவைக் கை வலிக்கும்வரை தட்டினேன். நீ அசையவில்லை. கடைசி சீட்டில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தாய். கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தேன். வயிறு ஏறி இறங்கியது. சரி, ஆள் இருக்கிறான் என்று திரும்பினால், பக்கத்து பஸ் டிரைவர் என்னைத் திருடன் என்று நினைத்து ஸ்பானரோடு நிற்கிறார். "எங்க மாப்ள சார் இவரு. தங்கச்சியக் கட்டினவரு" என்றேன். "அப்படின்னா தூங்க விட வேண்டியதுதானே?" என்றார். அதுவும் நியாயம்தான்.

போனில் பேசலாம் என்றால், போன வாரம் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே உன் குறட்டை கேட்டது. வேறு வேலை இல்லாதவன் மாதிரி அதையும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால்தான் கடிதம். பார்க்கிங்கில் சீட்டுக் கிழிக்கிற அக்காவிடம் கொடுத்து வைக்கிறேன். காலையில் நீ வண்டியை உள்ளே விடும்போது தருவார். பதில் எழுதினால் அவரிடமே கொடு. நான் பூங்கா மூடியதும் வந்து வாங்கிக்கொள்வேன். அதற்குள் நீ பயணிகளை ஏற்றிக்கொண்டு மலை இறங்கியிருப்பாய். கூப்பிடு தூரத்தில் வேலை பார்க்கிற இரண்டு பேர் கடிதம் எழுதிக்கொள்வது நம் குடும்பத்தில்தான் நடக்கும்.

இங்கே சீசன் தொடங்கிவிட்டது. ஊர் நுழைவாயிலில் 'பூ நகரம் உங்களை வரவேற்கிறது' என்ற பலகைக்குப் புது பெயின்ட் அடித்திருக்கிறார்கள். மலர்க் கடிகாரம் வழக்கம்போல இருபது நிமிடம் பின்னால் ஓடுகிறது. ஏரியில் படகுக்கு வரிசை. பூவாலேயே ஒரு கரடி செய்து நிறுத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் 'கரடி' என்று பெரிதாக எழுதி வைத்தும் எல்லோரும் நாய் என்று சொல்லித்தான் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். என் பொம்மை ரயிலுக்கும் நல்ல கூட்டம். ஒரு காலத்தில் நீயும் நானும் ஒரே பஸ்ஸில் மாறி மாறி ஓட்டிக்கொண்டு இந்த மலையை ஏறினோம். கம்பெனிக்காரன் "வண்டிக்கு ஒரு ஆள் போதும்" என்றான், எனக்கும் முதுகு போனது. இப்போது ரோஜாத் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். ஹாரன் உண்டு, கியர் கிடையாது.

பாதி நாட்டைக் கொண்டுவந்து இங்கே பூ பார்க்க இறக்கிவிட்டிருக்கிறாய். நீ ஒரு பூவையாவது பார்த்திருக்கிறாயா? ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, தங்கச்சியையும் சின்னதையும் கூட்டிக்கொண்டு பயணியாக வா. என் அறையில் மூன்று பேர் படுக்க இடம் இருக்கிறது. நான் ரயிலிலேயே படுத்துக்கொள்வேன்.

மச்சான்


ஏப்ரல் 9

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. சீட்டுக் கிழிக்கிற அக்கா "காதல் கடிதமா?" என்று கேட்டுத்தான் கொடுத்தார். பார்க்கிங் முழுக்க சிரிப்பு.

லீவு என்கிறாய். சீசனில் லீவு கேட்டால் மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார். இருட்டோடு கிளம்ப வேண்டும், பத்து மணிக்குள் மலைமேல் ஏற்றிவிட வேண்டும், ஐந்துக்கு இறக்கம் தொடங்க வேண்டும். வீடு போய்ச் சேரும்போது சின்னது தூங்கிவிடுகிறது. நான் கிளம்பும்போதும் தூங்குகிறது. அதற்குப் பல் விழுந்து முளைக்கிறதாம். உன் தங்கச்சி சொல்லித்தான் தெரியும்.

பகலில் தூங்குவது பெரிய சுகம் என்று நினைக்காதே. திரைச்சீலையை எல்லாம் இழுத்துவிட்டாலும் வெயில் ஏறினால் வண்டி அடுப்பாகிவிடும். ஒருவர் தொப்பியை விட்டுவிட்டேன் என்று தட்டுவார். ஒருத்தி குழந்தைக்குத் துணி மாற்ற வேண்டும் என்பாள். கண்ணை மூடுவேன், தட்டுவார்கள். அன்று நீ தட்டியதும் அதில் ஒன்று என்று நினைத்திருப்பேன். கோபித்துக்கொள்ளாதே.

சாயங்காலம் எல்லோரும் கையில் பூந்தொட்டியோடு ஏறுகிறார்கள். எப்படி இருந்தது என்று கேட்டால் "சூப்பர் சார், கால்தான் வலி" என்கிறார்கள். எனக்கும் அவ்வளவுதான் தெரியும் உன் ஊரைப் பற்றி.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். உன் தங்கச்சி காதுக்குப் போக வேண்டாம். முந்தாநாள் இறக்கத்தில், என் பின்சீட்டுக்காரர் தன் மாமியார் கண்ணாடி மாளிகையில் தொலைந்துபோன கதையை யாருக்கோ சொல்லிக்கொண்டு வந்தார். நானும் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். மாமியாரைக் காணவில்லை என்று மைக்கில் சொன்னது வரை கேட்டேன். அடுத்தது எனக்குக் கேட்டது எல்லோரும் சிரிக்கிற சத்தம். மாமியார் கிடைத்துவிட்டார். எப்படிக் கிடைத்தார் என்று எனக்குத் தெரியாது. நடுவில் மூன்று கொண்டை ஊசி வளைவு போயிருக்கிறது. இத்தனை வருடம் ஓட்டினால் வண்டிக்கே வழி பழகிவிடும் போல.

கண் சொருகுகிறது. மீதி அப்புறம்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 10

மாப்பிள்ளை,

உன் வேடிக்கையைப் படித்துவிட்டு என்னால் சாப்பிட முடியவில்லை. அந்த மூன்று வளைவும் எனக்குத் தெரியும். மூன்றாவதில் தடுப்புச் சுவர் முழங்கால் உயரம்கூட இருக்காது. வண்டிக்கு வழி பழகியிருக்கிறதாம். அறுபது பேர் உட்கார்ந்திருக்கிற வண்டியடா அது!

மேனேஜரிடம் போய், "தூக்கம் தாங்கவில்லை, இன்னொரு ஆள் போடுங்கள்" என்று சொல். சொன்னால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொள்வார் என்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? நீ சொல்ல மாட்டாய்.

அதனால் ஒன்று செய்கிறேன். நாளையிலிருந்து டோல்கேட்டைத் தாண்டி, பஸ் கம்பெனிக்காரன் யாரும் பார்க்காத இடத்தில் நிற்கிறேன். வண்டியை நிறுத்து. இறக்கம் முழுக்க நான் ஓட்டுகிறேன், நீ கடைசி சீட்டில் போய்ப் படு. கீழே ரோடு நேரானதும் உன்னை எழுப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிக்கொள்வேன். திரும்பி வர காய்கறி லாரி இருக்கவே இருக்கிறது. என் லைசென்ஸ் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ரயிலில் கடைசி இரண்டு சுற்றை டிக்கெட்காரர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அதற்கு அவர் சொல்கிற அரசியல் எல்லாவற்றுக்கும் நான் தலையாட்ட வேண்டுமாம். ஆட்டிவிட்டுப் போகிறேன்.

வேண்டாம் என்று எழுதாதே. நாளை நிற்பேன்.

மச்சான்


ஏப்ரல் 28

மச்சானுக்கு,

இரண்டு வாரத்துக்கு மேலாக ஒரே வண்டியில் மலை இறங்குகிறோம். எத்தனை வார்த்தை பேசியிருப்போம்? நீ ஏறும்போது நான் "வா" என்கிறேன். எழுப்பும்போது நீ "போ" என்கிறாய். அதனால் மறுபடியும் அக்காவிடமே கடிதம் கொடுக்கிறேன்.

நேற்று ஒரு பயணி, "அவரு நல்லா ஓட்டுறாரே, நீங்க எதுக்குங்க?" என்று என்னைக் கேட்டார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன், ஏற்கெனவே உனக்குத் தலைக்கனம் அதிகம். உன் தங்கச்சி "இப்பதான் மனுஷனா இருக்கீங்க" என்கிறாள். போன ஞாயிறு சின்னது எழுந்திருக்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்பினேன். புதுப்பல்லைக் காட்டியது. கோணலாக முளைத்திருக்கிறது, உங்கள் வீட்டுப் பல்.

ஆனால் உன்னைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. கண் இரண்டும் சிவந்து கிடக்கிறது. நேற்று எழுப்பும்போது என்னை யாரோ என்று பார்த்தாய். நடு இரவில் லாரி ஏறிப் போய், காலையில் ரயில் ஓட்டினால் நீ எப்போது தூங்குகிறாய்? கேட்டால் "பொம்மை ரயிலுக்கு என்னடா தூக்கம் வேண்டியிருக்கு" என்கிறாய். சனி, ஞாயிறு மட்டும் வா. மற்ற நாளை நான் சமாளித்துக்கொள்கிறேன்.

எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சொன்னால் நீ கேலி செய்வாய். அதனால் சொல்லவில்லை.

மாப்பிள்ளை


மே 11

மாப்பிள்ளை,

இதை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்ந்து படி.

முந்தாநாள் மதியம் ரயிலில் இருபது குழந்தைகள், கூட இரண்டு மூன்று பெரியவர்கள். என் இன்ஜினில் காலால் ஒரு மிதியை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் வண்டி ஓடும். காலை எடுத்தால் நின்றுவிடும். காலும் இடுப்பும் வலிக்கிறது என்று அந்த மிதிமேல் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு ஓட்டுவேன். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் ஓட்டினார். செங்கல்லே அவர் விட்டுப்போனதுதான்.

ரோஜாத் தோட்டத்தின் திருப்பம் வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் தோட்டக்காரர் என் தோளைப் பிடித்து உலுக்குகிறார். அவர் தாவி ஏறித் தட்டிவிட்ட செங்கல் கீழே கிடக்கிறது. ரயில் கண்ணாடி மாளிகை பக்கத்தில் நிற்கிறது. என்ன நடந்தது என்று டிக்கெட்காரர் சொல்லித்தான் தெரிந்தது. ஸ்டேஷனில் நிற்காமல் ரயில் பாட்டுக்கு நாலு சுற்று சுற்றியிருக்கிறது. முதல் சுற்றில் அவர் கையைக் காட்டியிருக்கிறார். இரண்டாவதில் விசில் அடித்திருக்கிறார். மூன்றாவதில் பக்கத்திலேயே ஓடி வந்திருக்கிறார், அவருக்கு மூச்சு வாங்கியதுதான் மிச்சம். நான் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏதோ ரிப்பேர் பார்க்கிறேன் என்று நினைத்தார்களாம்.

குழந்தைகள் என்ன செய்தன தெரியுமா? ஒவ்வொரு தடவை ஸ்டேஷனைத் தாண்டும்போதும் கை தட்டியிருக்கின்றன. ஒரே டிக்கெட்டில் நாலு சுற்று! வரிசையில் நின்றவர்களும் கை தட்டியிருக்கிறார்கள். இறங்கிப் போகும்போது ஒரு பெண் குழந்தை, "மாமா, நாளைக்கும் இதே மாதிரி ஓட்டுவீங்களா?" என்று கேட்டது. நம் சின்னது வயதுதான் இருக்கும்.

அதே நாள் சாயங்காலம் உன் பஸ்ஸை இறக்கத்தில் ஓட்ட வேண்டியவன் நான். ஓட்டவும் செய்தேன். அன்று வளைவுக்கு வளைவு என் தொடையைக் கிள்ளிக்கொண்டே இறங்கினேன், நீ பின்னால் நிம்மதியாகத் தூங்கினாய். நாம் இரண்டு பேரும் சேர்ந்து தூக்கத்தை ஒன்றும் செய்துவிடவில்லை மாப்பிள்ளை. உன் தூக்கத்தை நான் வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான்.

நேற்று லீவு போட்டுவிட்டு உன் ஹெட் ஆபீசுக்குப் போனேன். மேனேஜரைப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூன்று வளைவு, டோல்கேட், காய்கறி லாரி, செங்கல், எல்லாம். இந்தக் கடிதத்தை நீ பிரிப்பதற்குள் அவர் உன்னைக் கூப்பிட்டிருப்பார். முதலில் உன்னிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ ஏதாவது பேசி என்னைக் கரைத்துவிடுவாய். நான் கரைந்துவிடுவேன்.

மச்சான்


மே 14

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தைப் படித்தேன். தாங்கள் சொன்னபடி உட்கார்ந்துதான் படித்தேன். இப்போது உட்காருவதற்கு எனக்கு நிறைய நேரம் இருக்கிறது.

என்னை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். டிப்போவில் ஒரு வாளியும் துணியும் கொடுத்து மற்றவர்கள் ஓட்டுகிற பஸ்களின் கண்ணாடியைத் துடைக்கச் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் வேலை கற்றுக்கொண்டவர்கள் எல்லாம் "என்னண்ணே, இங்க?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று தாங்களே எழுதி அனுப்பினால் உதவியாக இருக்கும்.

பொம்மை ரயிலில் தூங்கியது நீங்கள். அதற்கு என் ஸ்டியரிங் எதற்கு? கூடப் பிறக்காத அண்ணன் என்று நினைத்து, சிரித்துக்கொண்டு சொன்ன ஒரு விஷயம். அதைப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோய் மேனேஜர் மேசையில் வைத்துவிட்டீர்கள். என் தலையில் மண்ணை அள்ளிப் போட யாரோ வேற்று ஆள் வேண்டியதில்லை, பெண் கொடுத்த வீடே போதும்.

நீ யார் பக்கம் என்று உங்கள் தங்கையைக் கேட்டேன். "தூங்குங்க" என்று சொல்லி விளக்கை அணைத்துவிட்டாள்.

என் வண்டியை இப்போது ஓட்டுகிறவர் வேறு கம்பெனியிலிருந்து வந்த பெரியவர், எனக்கு மூத்தவர். நல்ல மனிதர். இந்தக் கடிதத்தை அவரிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். இதற்குப் பதில் வேண்டாம்.

இப்படிக்கு,
பஸ் கழுவுபவன்


மே 22

மாப்பிள்ளை,

பதில் வேண்டாம் என்றாய். இது பதில் இல்லை, சேதி.

என்னை ரயிலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பாத்தியில் களை பிடுங்குகிறேன். முதுகைப் பற்றிக் கேட்காதே. குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் மேஸ்திரி பார்க்கிறார். செங்கல்லையும் பறிமுதல் செய்துவிட்டார்கள்.

நான் செய்தது சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ வாளியோடு நிற்பது கண்ணிலேயே நிற்கிறது. சாயங்காலம் ஐந்து மணி ஆனால் தலை தானாகப் பார்க்கிங் பக்கம் திரும்புகிறது. உன் வண்டி போகிறது. அதில் நீ இல்லை என்று ஒரு நிமிடம் ஆறுதல். அப்புறம் அந்தப் பெரியவர் முகம் தெரிகிறது. அவரும் ஒற்றை ஆள்தான், அதே மலைதான்.

தங்கச்சியை மட்டும் என்னோடு பேசச் சொல்.

மச்சான்


ஜூன் 18

மச்சான்,

போன ஞாயிறு உன் தங்கச்சியும் சின்னதும் உன்னைப் பார்க்க வந்தபோது, நான் வரவில்லை என்று சொன்னாள் இல்லையா? பொய். நான்தான் சொல்லச் சொன்னேன். நானும் வந்தேன். நீ சொன்னபடியே பயணியாக.

காலையில் பெரியவர் என்னைப் பார்த்ததும் "வாங்க தம்பி, முன்னாடி உக்காருங்க" என்றார். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். ஊர் எல்லை தாண்டவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது. குளிர்காற்றுக்கு ஜன்னலை முழுதாகத் திறந்து வைக்கிறார். தன் காதைத் தானே திருகுகிறார். யாரும் ஒன்றும் சொல்லாதபோதே "என்ன சொன்னீங்க?" என்கிறார். எல்லாம் தூக்கத்தை விரட்ட நான் செய்த வித்தைகள். எனக்கு யார் பாடம் நடத்த வேண்டும்?

பேச ஆரம்பித்தேன். மலை ஏறி முடிக்கும்வரை வாயை மூடவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு பேசியதில்லை. கதை தீர்ந்துபோய் உனக்குப் பெண் பார்க்கப் போய் நீ வேறு வீட்டுக் கதவைத் தட்டியதைக்கூடச் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள். பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கிறவன் தூங்க மாட்டான் என்று நானும் இல்லாததை எல்லாம் சேர்த்துச் சொன்னேன்.

மேலே வந்ததும் அவர் திரையை இழுத்துக்கொண்டு படுத்தார். நாங்கள் பூங்காவுக்குள் வந்தோம். பேசிப் பேசி எனக்கும் கண் எரிந்தது. தூரத்தில் நீ பாத்தியில் குனிந்திருந்தாய். முதுகைக் கையால் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாக நிமிர்ந்தாய். கூப்பிட வாய் எடுத்தேன், கோபம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. அவர்களை உன்னிடம் அனுப்பிவிட்டுப் புல்வெளியில் படுத்தேன். அவள் வந்து எழுப்பியபோது நாலரை. இந்தத் தடவையும் உன் ஊரில் நான் ஒன்றையும் பார்க்கவில்லை.

இறக்கத்தில் சின்னது என் மடியில் தூங்கிவிட்டது. எழுந்துவிடும் என்று நான் கொஞ்ச நேரம் பேச்சை நிறுத்தினேன். கொஞ்ச நேரம்தான். மூன்றாவது வளைவில் பெரியவர் ஸ்டியரிங்கைத் திருப்பவில்லை. "அண்ணே!" என்று கத்தினேன். திருப்பினார். பின்சக்கரம் தடுப்புச் சுவரை உரசிவிட்டுப் போனது. பின்னால் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. உன் தங்கச்சி மட்டும் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள். கீழே போய்ச் சேரும்வரை விடவில்லை. எனக்கு அவ்வளவு பயம் எப்போதும் வந்ததில்லை மச்சான். நான் ஓட்டியபோது எனக்குப் பயமே தெரியவில்லை, ஏனென்றால் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

டிப்போவில் இறங்கியதும் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, சீசன் முடியப் போகுது. பொண்ணுக்குக் கல்யாணம் பேசிட்டு இருக்கேன். நீங்களும் டிரைவர்தானே, வாய மூடிக்கிட்டு இருங்க" என்றார். சரி என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து தூக்கம் வரவில்லை. இப்போது தூங்க நேரம் இருக்கிறது, தூக்கம்தான் இல்லை.

மறுநாள் மேனேஜர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அதே பெஞ்சில்தானே நீயும் உட்கார்ந்திருப்பாய்? எழுந்து போய்விடலாம் என்று இரண்டு தடவை வாசல் வரைக்கும் போனேன். உள்ளே போய்ச் சொன்னேன். "மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் இதே வேலையாப் போச்சா?" என்றார். "வண்டிக்கு ரெண்டு ஆள் போடுங்க சார், நாங்க ஏன் வரப்போறோம்?" என்றேன். யோசிக்கிறேன் என்றார். அவர் யோசித்து முடிக்கும்வரை வண்டி ஷெட்டில் நிற்கிறது.

உனக்கு நான் எழுதிய கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. அதில் 'தாங்கள்' என்று போட்ட இடத்தை எல்லாம் அடித்துவிடு.

பெரியவருக்கும் ஒரு வாளி கொடுத்திருக்கிறார்கள். அந்த வண்டியைத்தான் இரண்டு பேரும் துடைக்கிறோம். நான் உள்ளே, அவர் வெளியே. ஒரே கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முகத்துக்கு நேராக நிற்கிறோம். என்னைப் பார்க்காமல் என் முகத்துக்கு மேலேயே துணியைப் போட்டுத் தேய்க்கிறார். கூப்பிட்டாலும் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகிறது, உயிரோடு இருந்துகொண்டு பேசாமல் இருக்கட்டும்.

மாப்பிள்ளை